அட்டை இருக்கிறது, பாலிசியும் வேண்டுமா?

வாசகர் கேள்விகள்

கேள்வி: "இரண்டரை ஏக்கர் ஒருபோக நெல், இரண்டு கறவை மாடு. இதுதான் பிழைப்பு. எனக்கு 46 வயது, மனைவிக்கு 41, படிக்கிற பிள்ளைகள் இருவர். அம்மாவுக்கு 68, எட்டு வருஷமாகச் சர்க்கரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஓர் ஆபரேஷனுக்காக மாடுகளை விற்று, நகையையும் அடகு வைத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் ஐந்து பேருக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய் பாலிசி போடச் சொல்கிறார். 'அம்மாவுக்குச் சர்க்கரை இருக்குன்னு எழுத வேணாம்ணே, பிரீமியம் ஏறிடும்' என்கிறார். எடுக்கலாமா?"
- மேலூர் வட்டார வாசகர்

பதில்: மாட்டை நல்ல விலைக்கு விற்கத் தெரிந்த குடும்பமும் பாலிசி வாங்கும்போது ஏமாந்துவிடுகிறது. காரணம், எல்லோரும் பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது வேறு. வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள், அந்த வாசலில் எந்த அட்டை செல்லும்? இந்த இரண்டையும் முதலில் தீர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பாலிசியைத் தேட வேண்டும்.

கையில் இருப்பது என்ன?

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியதுதான், 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, பிரீமியம் கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம்.

அட்டை பீரோவில் இருந்தால் மட்டும் போதாது. மூன்று விஷயங்களை இப்போதே சரிபாருங்கள். ஒன்று, ரேஷன் கார்டில் அம்மா பெயர் இருக்கிறதா, புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயர் ஏறிவிட்டதா என்பது. இரண்டாவது, நீங்கள் போக நினைக்கும் தனியார் ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்பது. மூன்றாவதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஓர் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. எலும்பு முறிவுக்கு அட்டை செல்லும் இடத்தில் இதய சிகிச்சைக்குச் செல்லாமல் போகலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்டால் சொல்வார்கள்.

இந்தத் திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வரும் செலவு இதில் வராது. பட்டியலில் இல்லாத சிகிச்சை, திட்டத்தில் சேராத ஆஸ்பத்திரி, வருமான வரம்பைத் தாண்டிவிட்ட குடும்பம் ஆகியவைதான் இடைவெளி. தனியார் பாலிசி தேவைப்படுவது அந்த இடைவெளியை அடைக்கத்தான். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வோம் என்று முடிவோடு இருக்கும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி சிறியது. நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம் என்பவர்களுக்குப் பெரியது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் முடிவு செய்யக் கூடாது.

அம்மாவைச் சேர்க்கலாமா?

குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி எடுத்தால், அதில் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 68 வயது அம்மாவைச் சேர்த்தால், 41 வயதுக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அம்மா வயதுக் கணக்கில் பணம் கட்டுகிறீர்கள். அதனால் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு ஒரு பாலிசி. அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. இதுதான் கையைக் கடிக்காத வழி. அம்மாவுக்கும் தனியார் பாலிசி வேண்டுமென்றால் தனியாக எடுக்கலாம். 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற நிலை 2024 ஏப்ரலிலிருந்து மாறிவிட்டது. ஆனால் பிரீமியம் கூடுதலாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். 70 நிறைந்ததும் பதிவு பற்றிக் காப்பீட்டு மையத்தில் விசாரிக்கலாம்.

'எழுத வேணாம்ணே' என்றால் என்ன ஆகும்?

சர்க்கரை இருப்பதை மறைத்துப் பாலிசி எடுத்தால், பிரீமியம் கட்டும் வரை ஒரு பிரச்னையும் வராது. பணம் கேட்கும்போதுதான் வரும். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் "எத்தனை வருஷமாக சுகர்?" என்று டாக்டர் கேட்பார்; "எட்டு வருஷம்" என்று அம்மா சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும். அந்தத் தாள்தான் கம்பெனிக்குப் போகும். விண்ணப்பத்தில் 'நோய் இல்லை' என்றிருந்தால் பணம் மறுக்கப்படும். பாலிசியே ரத்தாகவும் கூடும். கையெழுத்து உங்களுடையது. ஏஜென்ட் பெயர் அதில் எங்கும் பதில் சொல்லாது.

உள்ளதை எழுதினால் நஷ்டம் என்ன? ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு அது 4 ஆண்டு வரை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 3 ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்திருக்கிறது. உண்மையை எழுதியவருக்கு மூன்று ஆண்டு கழித்து உரிமை வரும். மறைத்தவருக்கு எந்த ஆண்டிலும் நிம்மதி இல்லை. விண்ணப்பத்தை நிரப்பிய பிறகு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ, ஓடிபி சொல்லிவிட்டு நிரப்பச் சொல்லியோ ஒப்புதல் தர வேண்டாம்.

மற்ற காத்திருப்புகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாலிசி எடுத்த முதல் 30 நாளுக்கு, விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்த பிறகு பாலிசி எடுத்தால் அந்தக் காய்ச்சலுக்கு உதவாது. குடலிறக்கம், மூலம், கண்புரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். கண்புரைக்காக மதுரைக்காரர்கள் பாலிசியைத் தேட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் நடத்தும் முகாம்கள் மூலமாகவே இலவச அறுவை சிகிச்சை கிடைக்கிறது.

அறை வாடகை என்ற பள்ளம்

பாலிசித் தாளில் முதலில் படிக்க வேண்டிய வரி, அறை வாடகை உச்சவரம்பு. ஓர் உதாரணம். 2 லட்சம் ரூபாய் பாலிசி. நாள் வாடகை அதில் 2 சதவிகிதம், அதாவது 4,000 ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். "2,000 தானே, கையிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். 5 நாளைக்கு அது 10,000 ரூபாய். ஆனால் கணக்கு அதோடு நிற்காது. 6,000-க்கு 4,000 என்பது மூன்றில் இரண்டு பங்கு. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம், நர்ஸ் கட்டணம் ஆகியவற்றிலும் அதே மூன்றில் இரண்டு பங்குதான் வரும். அந்தக் கட்டணங்கள் 60,000 என்றால் கம்பெனி தருவது 40,000. ஆகக் கையிலிருந்து போவது 30,000 ரூபாய். ஒரு கறவை மாட்டின் விலை அது. மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இப்படிப் பங்கு போட்டுக் குறைக்கக் கூடாது என்பது விதி. பில்லில் அதையும் பாருங்கள். அறை எடுக்கும் முன்பே, "பாலிசியில் வரும் அறை எது?" என்று ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு எடுத்தால் இந்த நஷ்டமே இல்லை.

ஒப்பிடுவதற்கு எளிய பாலிசி ஒன்று இருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி'. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றுதான். விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். பில்லில் 5 சதவிகிதம் நீங்கள் ஏற்க வேண்டும். இதன் விலையை மூன்று கம்பெனிகளில் கேட்டுவிட்டு, ஏஜென்ட் சொல்லும் பாலிசி அதைவிட எந்த விதத்தில் மேல் என்று கேளுங்கள். அறை வாடகை வரம்பு இல்லாததா, காத்திருப்பு குறைவா, நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேர முடியுமா? பதில் தெளிவாக வந்தால் கூடுதல் விலை தரலாம்.

எப்போது எடுப்பது?

பாலிசியை எந்தத் தேதியில் எடுக்கிறீர்களோ, ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் பணம் கட்ட வேண்டும். அதனால் நெல் பணம் கையில் இருக்கும் மாசியில் எடுப்பது ஒருபோகக்காரர்களுக்கு நல்லது. உழவுக்கும் விதைக்கும் பணம் தேடும் மாதத்தில் புதுப்பிப்பு வந்தால் விட்டுப்போகும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் சலுகை உண்டு. அதையும் தாண்டினால் பாலிசி முறிந்து, இத்தனை வருஷம் காத்திருந்ததெல்லாம் வீணாகும். பால் பணம், பூப் பணம் என்று வாராவாரம் வருமானம் உள்ளவர்கள் மாதத் தவணை எடுக்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18 சதவிகிதம் இருந்தது. இப்போதும் வரி சேர்த்துக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளைகளில் படித்தவர் யாரோ அவரை உட்காரவைத்து அந்த 30 நாளுக்குள் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: "பேரையூர் பக்கத்துக் கிராமம். மதுரையிலிருந்து தூரம். ஆண்டுக்கு இவ்வளவு கட்டினால் ஆம்புலன்ஸ் இலவசம் என்று ஒரு கார்டு விற்கிறார்கள். பாலிசியிலும் ஆம்புலன்ஸ் உண்டு என்கிறார்கள். எது நல்லது?"
- பேரையூர் வட்டார வாசகர்

பதில்: இரண்டுக்கும் முன்னால் 108 இருக்கிறது. 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். கூப்பிடும்போது கிராமத்தின் பெயரோடு, ஊராட்சி, மெயின் ரோட்டில் எந்த ஸ்டாப், அங்கிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். தோட்டத்து வீடு என்றால் ஒருவர் டார்ச்சோடு ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். இருட்டில் வீடு தேடும் நேரம்தான் உயிரைக் குடிக்கும் நேரம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 இருக்கிறது, அதுவும் இலவசம்.

108 வண்டி பக்கத்திலுள்ள, அந்த நோயாளிக்கு ஏற்ற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு தனியாருக்கு மாற்றுவதற்கோ, குணமாகி வீடு திரும்புவதற்கோ அதை நம்பி இருக்க முடியாது. தனியார் வண்டிக்குச் செலவு வருவது இந்த இடத்தில்தான்.

பாலிசியில் உள்ள ஆம்புலன்ஸ் தொகை பெரும்பாலும் சிறியது. ஆரோக்கிய சஞ்சீவனியில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு 2,000 ரூபாய் வரைதான். அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்து, அந்தச் செலவுக்குப் பணம் கிடைத்தால்தான். முதலுதவி செய்து அனுப்பிவிட்டால் வண்டிச் செலவு வராது. வீடு திரும்பும் வாடகையும் வராது. நோயாளி பெயர், தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே என்ற விவரங்களோடு ரசீது வேண்டும். டிரைவரிடம் ரசீது கேட்க மறந்தால் அந்த 2,000-மும் இல்லை. வாடகை பேசும்போதே திரும்பிப் போகும் கிலோமீட்டருக்கும் காசா, ஆக்ஸிஜன் தனியா, காத்திருப்பு தனியா என்று கேட்டுவிடுங்கள்.

தனி ஆம்புலன்ஸ் கார்டு விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வண்டி எந்த ஊரில் நிற்கிறது? இரவு 2 மணிக்கு எங்கள் கிராமத்துக்கு வருமா, எவ்வளவு நேரத்தில்? ஆண்டுக்கு எத்தனை தடவை, எத்தனை கிலோமீட்டர் வரை? ஆஸ்பத்திரி மாற்றுவதும் வீடு திரும்புவதும் அதில் அடங்குமா? வண்டி மதுரை நகரத்தில் நின்றால், அது உங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் 108 உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும். பதில்களை எழுத்தில் தராத கார்டு வேண்டாம். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, ஊருக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு வாடகை ஆம்புலன்ஸ் டிரைவர்களின் எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது மேல்.

பாம்புக்கடி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்த அட்டை என்று யோசிக்காமல், மதுரைக்குப் போவோம் என்று நேரம் கடத்தாமல், பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கடிவாயைக் கீறுவது, இறுகக் கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் ஆபத்து.

சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். உச்சவரம்பு முதலில் 1 லட்சம். பிறகு 2 லட்சமானது. காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. டூவீலரில் அடிபட்டவரை வைத்துக்கொண்டு, பணம் புரட்டுவதற்காக யாரும் ரோட்டில் நிற்க வேண்டாம்.

கேள்வி: "பேங்க் கணக்கில் வருஷாவருஷம் 20 ரூபாய் பிடிக்கிறார்கள். அது இன்சூரன்ஸ்தானே? பிறகு எதற்கு இன்னொன்று?"
- வாடிப்பட்டி வட்டார வாசகர்

பதில்: அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை. ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டுக் கணக்கு. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண் அல்லது இரண்டு கை கால் இழந்தாலோ 2 லட்சம் ரூபாய். ஒரு கண், ஒரு கை அல்லது கால் என்றால் 1 லட்சம். பாம்பு கடித்து இறந்தாலும், மரத்திலிருந்து விழுந்து இறந்தாலும் உண்டு; ஆஸ்பத்திரி ஆவணம் வேண்டும். 20 ரூபாய்க்கு இதைவிட நல்லது இல்லை, விட்டுவிடாதீர்கள். ஆனால் இது ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. பலர் இதை நம்பித்தான் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனி பணம் மறுத்தால்

பணம் கட்டாமல் சேரும் ஆஸ்பத்திரியில், கம்பெனி 1 மணி நேரத்துக்குள் முதல் அனுமதி குறித்து முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். இது 2024 மே மாத விதி. மறுத்தால், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் செய்யலாம்.

அதற்கெல்லாம் தாள் வேண்டும். விண்ணப்ப நகல், பாலிசி, பிரீமியம் ரசீதுகள், காப்பீட்டு அட்டை நகல், அம்மாவின் சுகர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே மஞ்சப் பையில் போட்டு, பத்திரத்தோடு வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் அவராகவே இருக்கலாம்.